அடிக்குறிப்பு என்னும் ஆய்வறம்

சான்று காட்டுதல் மேலைநாட்டு ஆய்வுமுறையோடு தமிழுக்கு வந்து சேர்ந்த புதுவழக்கு என்னும் எண்ணம் ஆய்வு மாணவரிடையே நிலவுகிறது. உரைமரபு இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், தம் உரைக்குத் துணைநின்ற இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் ஆகிய ஐந்தையும் பெயர்சுட்டி உரைக்கிறார். இவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் கிடைத்து அச்சேறியது. இசைநுணுக்கம், இந்திரகாளியம் போன்றன இருந்தமையை உரைக்குறிப்புகளின் வழியாகவே அறிய முடிகிறது.

முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று பயிலப்படும் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள், மூலநூற்பெயரைக் குறித்துச் சென்ற புறத்திரட்டின் வழியே வந்தவை. அதனைத் தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. அவர் குறித்த நூற்பெயர்கள் நிலைத்துள்ளன. யாப்பருங்கல விருத்தியுரையிலோ, மூலம் சுட்டப்படாத மேற்கோள்கள் பலவற்றை இன்ன நூலைச் சார்ந்தவை எனத் துணிய இயலவில்லை. ஒரு குறிப்பு இருந்தமையால் விளைந்த பயனும், இல்லாமையால் நேர்ந்த இழப்பும் இங்குத் தெளிவாகின்றன.

உரையாசிரியர்களும் பிறர் கருத்தைப் பெயர் சுட்டாது 'என்ப', 'என்பாரும் உளர்' எனக் கூறியுள்ளனரே என வினவலாம். அவ்வுரைகள் மூலநூல்களை மனப்பாடமாகக் கொண்ட மாணாக்கர்க்குச் சொல்லப்பட்டவை. மேலும், 'என்ப' என்னும் சொல்லே அக்கருத்துத் தமதன்று என்பதை ஒப்புக்கொள்கிறது. இன்றைய ஆய்வேடுகள் சிலவற்றில் அந்த ஒப்புதலும் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை என்றும், 60 விழுக்காட்டைக் கடந்தால் மாணவரின் பதிவு நீக்கப்படும் என்றும் வரையறுக்கின்றன. இவ்வரையறை தேவையானது, ஆயினும் நேர்மையை அளக்க அது மட்டும் போதாது. விழுக்காட்டைக் குறைப்பதே நோக்கமானால், மாணவர் சந்தியைப் பிரித்தும் ஒருபொருட் சொற்களை மாற்றியும் எழுதக் கற்றுக்கொள்வர். சொற்கள் மாறினாலும் கருத்து பிறருடையதே. இணையத்தில் ஏறாத பழைய அச்சுநூலிலிருந்து எடுத்த பகுதியை மென்பொருள் கண்டறிவதும் அரிது.

தமிழாய்வில் பெரிதும் கவனிக்கப்படாத களவு வேறொன்று உண்டு. அறிஞர் ஒருவர் பல நூல்களைத் தேடித் தொகுத்த சங்கப்பாடல் அடிகளை அவர் கட்டுரையிலிருந்தே எடுத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் 'புறநானூறு' எனப் பாடலெண்ணுடன் மட்டும் குறிப்பது அது. மூலத்தைப் பார்த்ததான தோற்றம் எழுகிறது; தேடியவரின் உழைப்பு மறைகிறது. அக்கட்டுரையிலுள்ள அச்சுப்பிழையும் ஆய்வேட்டில் அப்படியே இடம்பெறும்போது உண்மை வெளிப்படுகிறது.

பதிப்பைக் குறிக்காமையும் இதனோடு ஒத்த குறையே. உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். எஸ். வையாபுரிப்பிள்ளை 1940இல் சங்கப் பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்து வெளியிட்டார். பாடத் தேர்விலும் சொற்பிரிப்பிலும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. ஒரு சொல்லின் வடிவத்தைக் கொண்டு முடிவு கூறும் ஆய்வாளர், எப்பதிப்பின் பாடத்தைக் கொண்டார் என்பதைக் கூறாவிடின், அம்முடிவைப் பிறர் சோதிக்க இயலாது.

எனவே தமிழ்த்துறைகள் முதுகலை நிலையிலேயே மூன்று பழக்கங்களை வலியுறுத்த வேண்டும். எடுத்தாளும் பாடல் ஒவ்வொன்றுக்கும் பதிப்பு குறிக்கப்பெற வேண்டும். மூலத்தை நேரிற் காணாதவிடத்து, எந்நூல்வழி எடுத்தாளப்பட்டது என்பது மறைக்கப்படாதிருக்க வேண்டும். தம் சொல்லில் எழுதிய பிறர் கருத்துக்கும் சான்று தரப்பெற வேண்டும். நெறியாளர் ஒப்புமைச் சான்றிதழைக் காண்பதோடு அமையாது, அடிக்குறிப்புகள் சிலவற்றையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடன்.

சான்று மிகுந்தால் தம் ஆய்வின் புதுமை குறைந்து தோன்றும் என மாணவர் அஞ்சுவதுண்டு. பிறர் கூறியது எது என எல்லையிட்டுக் காட்டும்போதுதான், ஆய்வாளர் தாமே கண்டது எது என்பதும் படிப்பவர்க்குப் புலனாகிறது.