பழியைப் பிறவி மேல் போடாதீர்கள்

"இவ பயந்த சுபாவம், அப்படியே எங்க அத்தை மாதிரி" என்று பள்ளி வாசலில் பேசிக்கொள்கிறோம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அதன் காதில் விழும்படி. அத்தைக்கு விவரம் தெரிந்தால் சண்டைக்கு வந்துவிடுவார்.

பயம் பிறவியிலேயே வருகிறதா என்று ரீசஸ் குரங்குகளிடம் சோதித்துப் பார்த்தவர் சூசன் மினெகா என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களில் நடந்தது. ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமே இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கொன்று பாம்பைக் கண்டு மிரள்வதைச் சில தடவை பார்த்ததுமே அவையும் மிரளத் தொடங்கின. அதே மிரட்சியைப் பூவைக் கண்டு வந்ததுபோல வீடியோவில் வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட ஒன்றும் கற்கவில்லை! இயல்பூக்கம் அரை வேக்காட்டுச் சோறுதான். மீதியை வேகவைக்கும் அடுப்பு நம் வீட்டில் எரிகிறது. கரப்பான் பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று அலறுவது யார்? நாலு வாய் சோறு இறங்குவதற்காக இருட்டு மூலையில் பூச்சாண்டியை உட்கார வைத்தது யார்? அத்தையா?

கைக்குழந்தை விஷயத்தில் கதையே தலைகீழ். தூக்கச் சொல்லி அழுதால், "பிடிவாதம், கையிலயே பழகிடுச்சு" என்கிறோம். அதுதான் ஐயா, அசல் இயல்பூக்கம். தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியால் ஒரு தாய், துணி போர்த்திய ஒரு தாய் என்று இரண்டு பொம்மைகளை வைத்தார் உளவியலாளர் ஹாரி ஹார்லோ. 1958-ல் வெளிவந்த அந்தச் சோதனை கொடுமையானதுதான். பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும், குடித்த கையோடு குட்டிகள் துணித் தாயிடமே ஓடின. நாளின் பெரும்பகுதி அதைக் கட்டிக்கொண்டே கிடந்தன. அழுகிற பிள்ளையைத் தூக்குங்கள், கெட்டுப்போகாது.

"ஆம்பளப் பிள்ளை அடிக்கத்தான் செய்வான், ரத்தத்துல இருக்கு" என்கிற அப்பாக்களே, பாதி உண்மைதான். அடிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனடாவின் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னதும் அதுவே: கைநீட்டும் பழக்கம் இரண்டு, மூன்று வயது வாக்கில் உச்சத்தில் இருக்கிறது, பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைகிறது. அடிக்காமல் இருக்கத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை நடத்தவேண்டிய நேரத்தில் "என் சிங்கம்டா" என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி? ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்துங்கள். நீங்களும் ஓர் அறை விட்டு நிறுத்தாதீர்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.