மளிகை நோட்டில் ஒரு ஹாட் ராட்

பணம் இல்லாதவன் கார் கட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. உதிரிபாகம் கிடைக்கவில்லை, மெக்கானிக் வரவில்லை என்ற பேச்சே எழாது. சில மாதங்களாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் கழற்றியவை, வலது பக்கம் சேர்த்தவை, அடியில் கிலோ கணக்கு. வீட்டில் இதை மளிகைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

கார், எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த வண்டி. அவ்வளவு இருப்பதால் ஒன்றை அறுத்தால் பாவம் சேராது. அதிலும் நான் எடுத்துக்கொண்டது ரசிகர்கள் முகம் சுளிக்கும் மாடல். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக அதன் மூக்கிலும் பின்புறத்திலும் பெரிய கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டினார்கள். உள்ளே இரும்புச் சட்டம், அதனால் நல்ல கனம். விதி சொன்ன உயரத்துக்காகக் காரையே ஓர் அங்குலம் அளவுக்குத் தூக்கினார்கள். போதாக்குறைக்கு, செலவை மிச்சம் பிடிக்க முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் சாயாமல் ஓடிய கார் சாயத் தொடங்கியது. இப்படிக் கெடுத்து வைத்ததைத் திருத்தப் போகிறோம் என்றால் மனசாட்சி உறுத்துவதில்லை.

ஹாட் ராட் என்றதும் பலருக்குப் பானெட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கும் என்ஜின்தான் ஞாபகம் வரும். 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டிய பையன்கள் முதலில் கையில் எடுத்தது ஸ்பானரைத்தான். மட்கார்டு போனது, முன் கண்ணாடி போனது, கூரை போனது. கழற்றக் காசு வேண்டாம் அல்லவா. 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் தந்த வி8 என்ஜினுக்கு 65 குதிரைத் திறன்தான். அது சுமப்பதைக் குறைத்தாலே வேகம் வந்தது. சக்தி கூடினால் நேர் சாலையில் பலன். எடை குறைந்தால் பிரேக், வளைவு, டயர் எல்லாவற்றிலும் பலன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேன் இந்தக் கணக்கை வைத்தே பெரிய கம்பெனிகளைப் பந்தயத்தில் தோற்கடித்தார்.

எனக்கோ எடையும் குறைய வேண்டும், எட்டு சிலிண்டர் சத்தமும் வேண்டும். பேராசைதான். 1964இல் இதே ஆசையில் பிறந்தது சன்பீம் டைகர். சின்ன ஆல்பைன் காருக்குள் ஃபோர்டின் வார்ப்பிரும்பு வி8. இடம் போதாமல், பெயின்ட் அடித்து வந்த உடலின் தடுப்புத் தகட்டைத் தொழிற்சாலையிலேயே சம்மட்டியால் அடித்து ஒடுக்கினார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கை எட்ட, உள்ளே காலடிப் பக்கம் துளை போட்டு ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். பிளக் மாற்ற வேண்டுமென்றால் காருக்குள் குனிய வேண்டும். எனக்கு அந்தக் காரைப் பிடிக்கும். ஆனாலும் மூக்கில் இரும்பைத் திணித்த கார் திணித்ததுதான்.

எம்ஜிபிக்கு விதி வேறு மாதிரி எழுதியிருந்தது. 1961இல் அமெரிக்காவின் பியூக் முழுக்க அலுமினியத்தில் 3.5 லிட்டர் வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. வார்ப்பதில் தகராறு, செலவும் அதிகம், 1963உடன் கைகழுவிவிட்டார்கள். ரோவர் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், படகு என்ஜின் செய்யும் மெர்க்குரி மரைன் பட்டறைக்கு வேறு வேலையாகப் போனவர், அங்கே கிடந்த இந்த என்ஜினைப் பார்த்து விசாரித்தார். 1965இல் உரிமை ரோவர் கைக்கு வந்தது. எம்ஜிபியின் 1,798 சிசி நாலு சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதைவிட இந்த எட்டு சிலிண்டர் சுமார் 18 கிலோ குறைவு! முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

எம்ஜி கம்பெனிக்கு முன்னால் இந்த என்ஜினை அதன் காரில் மாட்டிக் காட்டியவர் கென் காஸ்டெல்லோ, மினி பந்தயம் ஓட்டியவர். 1970 வாக்கில் தன் பட்டறையில் எம்ஜிபிக்குள் ரோவர் வி8ஐ மாட்டி விற்கத் தொடங்கினார். கம்பெனி அவர் காரை வாங்கிப் பார்த்தது, பிறகு தானே செய்தது. காஸ்டெல்லோவின் பானெட்டில் கார்புரேட்டருக்காக ஒரு மேடு இருக்கும். கம்பெனிக்காரர்களோ இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் என்ஜினின் பின்பக்கத்துக்குத் தள்ளி, குழாய் வழியாகக் காற்றை முன்னே கொண்டுவந்தார்கள். பானெட் பழையபடி தட்டையாகவே மூடியது. நான் தட்டை பானெட் கட்சி. பக்கத்தில் நிற்பவனுக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் சந்தேகம் வர வேண்டும்.

அந்த எம்ஜிபி ஜிடி வி8 வந்தது 1973 ஆகஸ்டில். அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 2,591 காரோடு 1976இல் கதை முடிந்தது. அதுவும் கூரை போட்ட ஜிடி மட்டுமே. திறந்த காரில் வி8 வைத்துக் கம்பெனி அப்போது விற்கவே இல்லை. நோட்டில் இருப்பது அதுதான்.

என்ஜின் ரோவர் எஸ்டி1இலிருந்து, 155 குதிரை. அதோடு வந்த ஐந்து கியர் பெட்டியும். ரப்பர் பம்பர் இரண்டும் வெளியே, ஃபைபர்கிளாஸ் மூக்கு உள்ளே. பானெட் ஆரம்பகால மாடலில் இருந்த அலுமினியத் தகடு. ஹீட்டர் போகட்டும், கம்பளம் போகட்டும். கம்பிச் சக்கரம் அழகு, ஆனால் கனம், டியூபும் வேண்டும்; அதனால் அலுமினியச் சக்கரம். ஸ்டெப்னியை எடுப்பதா என்று ஒரு வாரம் யோசித்து எடுத்தேன். காகிதத்தில் பஞ்சர் ஆவதில்லை. ஆரம்பகாலத் திறந்த எம்ஜிபி சுமார் 920 கிலோ, 95 குதிரை. என் கணக்கு 900 கிலோ, டன்னுக்கு 170 குதிரைக்கு மேல்.

நம் ஊரில் இது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2025 வரை புள்ளிக் கணக்கு இருந்தது. மாறாத உடலுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. எட்டு தேறினால் பழைய பதிவு எண் நிலைத்தது. ஹாட் ராட்காரன் உயிரை விடும் என்ஜினுக்கு அரசு கொடுத்த மரியாதையைப் பாருங்கள்.

என் நோட்டு இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆக, தகட்டை வெட்டினால்தான் ஆபத்து. அந்த 5 போய்விடும். ஜிடி வி8க்காகச் செய்த உள்தகடு மாற்றங்கள் ரப்பர் பம்பர் உடலிலும் தொடர்ந்ததால் பெரிய வெட்டு தேவையில்லை. முகம் சுளிக்கவைத்த மாடலைப் பிடித்ததற்கு இதுவும் காரணம். உடல் 5, ஸ்டியரிங் 2, ஆக்சில் 2, மொத்தம் 9. அப்படியானால் பின்னால் இருக்கும் பட்டா ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடலாம், தாராளமாக. அதற்கு எத்தனை கிலோ என்றுதான் இன்று ராத்திரி பார்க்க வேண்டும்.