காப்புக் கட்டிய கைகள்



போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காபிக்குச் சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தால், டப்பாவுக்குப் பின்னால் ப்ரஷர் மாத்திரை அட்டை. பத்தில் ஏழு பிரிக்காமலே இருந்தன.

"என்ன அத்தை இது?"

"நாலு நாள் போடாமப் பார்த்தேன் கண்ணு. தலைசுத்தல்கூட வரலை. அப்புறம் எதுக்கு வீணா?"

உங்கள் வீட்டிலும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பீர்கள்தானே? அத்தை பொய் சொல்லவில்லை. நாலு நாளில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஏன் என்று புரிய, ரத்தக் குழாயின் சுவருக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

கை கால் தசை நாம் சொன்னபடி கேட்கும். ரத்தக் குழாய், மூச்சுக் குழாய், குடல், கர்ப்பப்பை இங்கெல்லாம் இருக்கும் மென்தசை நம்மைக் கேட்டு எதையும் செய்வதில்லை. குளிரில் ரோமம் சிலிர்க்கிறதே, அதுவும் இதன் வேலைதான்.

எந்தத் தசையும் சுருங்குவது தேர் இழுப்பது மாதிரி. ஆக்டின் என்ற புரதம் வடம். மயோசின் என்ற புரதம் இழுக்கிற கைகள். கைத் தசையில் வடத்தை மறைத்திருக்கும் திரை விலகினால் போதும், கைகள் பிடித்து இழுத்துவிடும். மென்தசையில் சம்பிரதாயம் வேறு. கைக்குக் காப்புக் கட்டினால்தான் இழுப்பு தொடங்கும்.

அந்தக் காப்பு ஒரு சின்ன பாஸ்பேட். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து எடுத்து அதை மயோசினில் கட்டிவிடுவது மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதி. பெயர்தான் நீளம், வேலை இந்த ஒன்றுதான்! அவிழ்த்துவிடுவது பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி. பாஸ்பேட்டைக் கட்டும் இந்தக் காரியத்துக்குத்தான் பாஸ்பாரிலேஷன் என்று பெயர். புரதங்களில் இப்படிக் கட்டுவதும் அவிழ்ப்பதும் நடக்கிறது என்று 1950-களில் கண்டுசொன்ன எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காப்பை அவிழ்த்த பிறகும் சில கைகள் வடத்தைச் சட்டென்று விடுவதில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஆகும் சக்திச் செலவு மிகக் குறைவு. ஒரு குடம் தண்ணீரை ஐந்து நிமிஷம் தூக்கிப் பிடித்தால் நம் கை கடுக்கிறது. ரத்தக் குழாயோ வருஷக்கணக்கில் விறைப்பாக நிற்கிறது, ஒரு முனகல் இல்லை.

அந்த முனகாத குணம்தான் வம்பு. கட்டுவது கூடி, அவிழ்ப்பது குறைந்து, குழாய் இறுகிப்போனாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஆனால் குழாயின் ஆரம் பாதியானால் ரத்த ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. தலை சுற்றவில்லை என்பதை வைத்து ப்ரஷர் இல்லை என்று எப்படி முடிவு செய்வது?

சரி, மாத்திரை என்ன செய்கிறது? தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்து, கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து தட்டி எழுப்பினால்தான் காப்புக் கட்டும் நொதி வேலையைத் தொடங்கும். அத்தை சாப்பிடும் அம்லோடிபின் அந்தக் கால்சியம் நுழையும் கதவைப் பாதி சாத்துகிறது. காப்புகள் குறைகின்றன, குழாய் தளர்கிறது. "கால்சியத்தைத் தடுத்தால் எலும்பு தேயாதா?" என்று அத்தை கேட்டார். தேயாது. சாத்துவது தசையின் கதவை. தினம் குடிக்கும் பாலில் இருக்கும் கால்சியம் எலும்புக்குப் போகிற வழியை அது மறிப்பதில்லை.

இந்த மருந்தின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அத்தை "போடாமப் பார்த்த" நாலாம் நாளிலும் பழைய மாத்திரையின் மிச்சம் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது! பரீட்சை முடிவதற்கு முன்பே பாஸ் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சால்புட்டமாலும் இதே காப்பு விவகாரத்தில்தான் தலையிடுகிறது, மூச்சுக் குழாயில். மாதவிலக்கு நாளில் அடிவயிற்றைப் பிசையும் வலியும் இதே இழுப்புதான், கர்ப்பப்பையில்.

கடைசியில் அத்தை மெல்லச் சேலையை விலக்கிக் கணுக்காலைக் காட்டினார். லேசான வீக்கம். உண்மையான காரணம் அதுதான் போலிருக்கிறது. அம்லோடிபின் சிலருக்குக் கால் வீங்க வைக்கும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அதற்கு டாக்டரிடம் வழி இருக்கிறது. நாளை மறுநாள் கூட்டிப் போகிறேன்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் திட்டாதீர்கள். காலைக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்