கேப்பிட்டல் லெட்டர் இல்லாத தமிழில் கடவுளுக்கு மரியாதை எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்தில் 'மதர்' என்ற சொல்லைச் சின்ன 'எம்' போட்டு எழுதினால் யாரோ ஒருவரின் அம்மா. புதுச்சேரியில் அதையே பெரிய 'எம்' போட்டு எழுதினால், அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை. ஒரே ஓர் எழுத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த ஊருக்குப் பழக்கமான பிரெஞ்சு மொழியில் கணக்கு கொஞ்சம் வேறு. பைபிள், குர்ஆன் என்று எழுதப் பெரிய எழுத்து உண்டு. ஆனால், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மனிதர்களைக் குறிக்கும்போது சின்ன எழுத்துதான். ஆங்கிலத்தில் அவர்களுக்கும் பெரிய எழுத்து.

தமிழில் இந்தப் பேதமே கிடையாது. மணக்குள விநாயகர் கோயில், ஜென்மராக்கினி மாதா பேராலயம், முல்லா வீதிப் பக்கத்துப் பள்ளிவாசல்கள் என எல்லாம் அருகருகே இருக்கும் ஊரில் மரியாதையை எப்படிக் காட்டுகிறார்கள்? சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி, சொல்லின் கடைசியில் ஒரு விகுதி. அவ்வளவுதான்!

'திரு' போட்டதால் வந்த சண்டை

திருவாசகம், திருவாய்மொழி, திருக்குறள், திருக்குர்ஆன், திருவிவிலியம்... எல்லாருக்கும் பொதுவான 'கேப்பிட்டல் லெட்டர்' இந்தத் 'திரு'தான். இதில் என்ன சண்டை வரப்போகிறது என்கிறீர்களா? வந்தது.

1867-ல் வள்ளலாரின் பாடல்கள் புத்தகமாக வந்தன. புதுவை வேலு முதலியார் போன்ற அன்பர்கள் அதற்குத் துணை நின்றார்கள். தொகுத்த தொழுவூர் வேலாயுத முதலியார் வைத்த பெயர் 'திருவருட்பா'. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலருக்கு இது ஏற்கவில்லை. தேவாரம், திருவாசகம் போன்ற திருமுறைகளே அருட்பா, ஒருவர் இப்போது பாடியதற்கு அந்தப் பெயர் கூடாது என்பது அவர் வாதம். மாறி மாறிக் கண்டன நூல்கள் வந்தன. சண்டை முற்றி, 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்காகவே வந்து நின்றது.

இத்தனைக்கும் வள்ளலார், தன் பெயரோடு 'சாமி' சேர்த்து 'இராமலிங்கசாமி' என்று போடுவதில் தனக்குச் சம்மதமில்லை என்று கடிதம் எழுதியவர்!

'அவனா', 'அவரா'?

அடுத்தது விகுதி. முருகன் அருள்வான், பிள்ளையார் அருள்வார், மாரியம்மன் அருள்வாள். மூன்றுமே பக்திதான். முருகனை 'வாடா' என்று உரிமையோடு கூப்பிடும் பக்தரும் உண்டு.

கிறிஸ்தவர்களுக்கு ஆண்டவர் எப்போதும் 'அவர்'. ஜெபத்தில் 'நீர்', 'உம்மை' என்பார்கள். பழைய 'பரிசுத்த வேதாகம'த்தில் கடவுளுக்கு 'அவர்', ஆபிரகாமுக்கும் மோசேக்கும் 'அவன்'. 1995-ல் வந்த 'திருவிவிலியம்' இவர்களையும் 'அவர்' என்றே மரியாதையோடு சொல்கிறது.

இஸ்லாமியர் வழக்கம் வெளியே இருந்து பார்ப்பவர்களைக் குழப்பும். அல்லாஹ்வுக்கு 'அவன்'. நபிக்கோ '(ஸல்) அவர்கள்'. இறைவனுக்கு மரியாதை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 'அவர்' என்பது அடிப்படையில் பன்மைச் சொல். இறைவன் ஒருவனே என்பதால் அங்கே ஒருமைதான் மரியாதை.

ஃபார்வேர்டு செய்யும் முன்...

பண்டிகை வாழ்த்தோ, திருவிழாச் செய்தியோ, அடுத்த மதத்தைப் பற்றி எழுதும்போதுதான் தப்பு நடக்கிறது. 'இயேசு சொன்னான்' என்று வந்தால் ஒரு வீட்டில் முகம் சுருங்கும். மரியாதை என்று நினைத்து 'அல்லாஹ் சொன்னார்கள்' என்று திருத்தினால் இன்னொரு வீட்டில் நெருடும். நல்ல எண்ணம் மட்டும் இதற்குப் போதாது.

மொழிபெயர்ப்புச் செயலி போட்டுக்கொடுக்கும் 'அவன்', 'அவரை' அப்படியே நம்பாதீர்கள். நம் வீட்டு வழக்கத்தையும் அடுத்த வீட்டுக்குப் பொருத்த வேண்டாம். அந்தந்த மதத்தினர் தங்கள் அழைப்பிதழில், நோட்டீஸில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். சந்தேகம் என்றால் தெரிந்த நண்பருக்கு ஒரு போன். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.