பன்னிரண்டு கட்டங்கள்

அந்தப் பெண்ணின் நோட்டில் நடுப்பக்கம் முழுக்க ஓர் அட்டவணை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை, ஆக மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். தலைப்பெல்லாம் சிவப்பு மை, வாக்கியமெல்லாம் நீல மை. ஐ ஈட், ஐ ஆம் ஈட்டிங் என்று தொடங்கி, கடைசிக் கட்டத்தில் ஐ ஷல் ஹேவ் பீன் ஈட்டிங் என்று முடிந்தது. சொல்லச் சொன்னேன். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து அப்போது அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

என் ஆங்கில வகுப்பு நடக்கும்போதே அவள் செல்போன் அடித்தது. சென்னை பையிங் ஆபீஸிலிருந்து தமிழ் தெரியாத ஒருவர். லேப் டிப் அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார். துணிக்குப் போட வேண்டிய சாயத்தைச் சின்னத் துண்டில் போட்டுப் பார்த்து வாங்குபவரின் ஒப்புதலுக்கு அனுப்புவார்களே, அதுதான் லேப் டிப். இவள் எழுந்து நின்றுவிட்டாள். "எஸ் சார்... லேப் டிப் சார்... எஸ் சார்." அதற்குமேல் ஒரு வினைச்சொல்லும் வாயில் வரவில்லை. எதிர்முனைக்காரர் பொறுமையிழந்து வைத்துவிட்டார். என் பக்கம் திரும்பியவளின் கண் கலங்கியிருந்தது. "நேத்து சாயங்காலமே கொரியர் போட்டாச்சுங்க சார். அதைச் சொல்ல வரலீங்க."

பன்னிரண்டு கட்டமும் தெரிந்த பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

'டென்ஸ் தெரிஞ்சா இங்கிலீஷ் தன்னால வந்துரும்' என்பது நம் ஊரில் ஏறத்தாழ வேதவாக்கு. பள்ளி ஆசிரியர் சொல்கிறார், டியூஷன் அக்கா சொல்கிறார், முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத் தருவதாகச் சொல்லும் புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறது. பெற்றோரும் நம்புகிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆங்கிலம் படித்த பிள்ளை பேச முடியாமல் நின்றால், "டென்ஸை ஒழுங்காப் படிக்கலை" என்று மறுபடி அதே அட்டவணைக்கு அனுப்புகிறார்கள். மருந்து கேட்கவில்லை என்று அதே மருந்தை இரண்டு பங்காகக் கொடுப்பதுதான் இது. இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நிற்கவில்லை, நம் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கையையே பார்ப்போம். ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு காலம் என்று யார் சொன்னது? 1540களில் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுப் பாடநூல் ஆனது. பல தலைமுறைகள் அதை மனப்பாடம் செய்து வளர்ந்தன. பிற்பாடு தங்கள் மொழிக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது, கைக்குப் பழகிய லத்தீன் அச்சிலேயே பலரும் அதை வார்த்தார்கள். 1795இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட லிண்ட்லி மர்ரேயின் இலக்கணத்தில் ஆங்கிலத்துக்கு ஆறு காலம். லத்தீனுக்கும் ஆறுதான். அந்த ஆறுதான் பின்னால் வந்த பள்ளிநூல்களில் பன்னிரண்டாகப் பெருகி நிற்கிறது. 1985இல் ராண்டால்ஃப் குவர்க்கும் அவர் கூட்டாளிகளும் எழுதிய பெரிய இலக்கணமோ ஆங்கிலத்துக்கு இரண்டே காலம் என்கிறது. கோ, வென்ட் என்று வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான். எதிர்காலத்துக்கென்று தனி உருவம் ஆங்கில வினைக்குக் கிடையாது. 'வில்' என்பது கேன், மே, மஸ்ட் இவற்றின் இனத்தைச் சேர்ந்த துணைச்சொல். ஆறு, பன்னிரண்டு, இரண்டு என்று எண்ணிக்கை எழுதுகிறவரைப் பொறுத்து மாறுகிறது. அது வகுத்துக்கொள்ளும் வசதிக்காகப் போட்ட கோடு. அந்தக் கோட்டைத்தான் மொழி என்று நினைத்துப் பிள்ளைகளை ஒப்பிக்க விடுகிறோம்.

அட்டவணையின் அடுத்த பொய், எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் போடுவது. பேச்சிலும் எழுத்திலும் உண்மையாக வந்த வாக்கியங்களைக் கோடிக்கணக்கான சொல் அளவுக்குத் திரட்டி எண்ணிப் பார்த்து, டக்ளஸ் பைபரும் மற்றவர்களும் 1999இல் ஓர் இலக்கணம் வெளியிட்டார்கள். அதன் கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு வினைகள் ஈட், ஏட் போன்ற எளிய வடிவங்கள்தான். மிச்சமிருக்கும் ஒரு பங்கைத்தான் தொடர்வினையும் முற்றுவினையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஐ ஷல் ஹேவ் பீன் ஈட்டிங் என்ற வாக்கியத்தை ஆங்கிலேயரே ஆண்டுக்கு எத்தனை முறை சொல்வார்கள்? அதற்கும் ஒரு கட்டம், அதற்கும் ஒரு வாரப் பாடம், அதற்கும் கோடிட்ட இடம். வென்ட், கேம், சென்ட், டோல்ட், காட், கேவ் என்று அன்றாடம் ஆயிரம் முறை வேண்டிய சொற்களுக்கும் அதே ஒரு வாரம்தான்.

சமையல் கற்க வந்தவளிடம் உப்பையும் சாதிக்காயையும் ஒரே அளவு டப்பாவில் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்?

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் காலம் என்ற ஒன்றே தெரியாமல் வகுப்புக்கு வருவதுபோல் நடத்தப்படுகிறார்கள். தமிழ் பேசுகிறவளுக்கா காலம் தெரியாது? செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்று மூன்று காலத்தையும் வினைக்குள்ளேயே இடைநிலையாக வைத்திருக்கிற மொழி நம்முடையது. இன்னின்ன காலத்துக்கு இன்னின்ன இடைநிலை என்று நன்னூல் வரிசையாகச் சொல்லி வைத்திருக்கிறது. அதற்கு மேலும் சாப்பிட்டேன், சாப்பிட்டுவிட்டேன், சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டாயிற்று என்று ஒரு செயலின் நிலையை எத்தனை நுணுக்கமாகப் பிரிக்கிறோம்! பள்ளிக்கூடமே போகாத என் பாட்டி இதில் ஒன்றைக்கூடத் தவறான இடத்தில் சொன்னதில்லை.

ஆகவே தமிழ்ப் பிள்ளைக்குக் காலம் புதிதில்லை. தமிழின் கோடும் ஆங்கிலத்தின் கோடும் ஒரே இடத்தில் விழுவதில்லை, சிக்கல் அங்கேதான். எந்தெந்த இடத்தில் விலகுகின்றன என்று காட்டுவதுதான் ஆசிரியர் வேலை. பன்னிரண்டு கட்டம் அந்த ஒன்றைத்தான் காட்டுவதே இல்லை.

அந்தப் பெண்ணின் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'நேத்து சாயங்காலமே போட்டாச்சு.' போட்டாச்சு என்பதை அட்டவணைப்படி பெயர்த்தால் ஹேவ் சென்ட் வரும். நேற்று என்பது யெஸ்டர்டே. இரண்டையும் சேர்த்தால், வீ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே. திருப்பூரிலிருந்து போகிற மின்னஞ்சல்களில் இந்த வாக்கியத்தை நான் பார்க்காத வாரமில்லை. தமிழில் 'நேத்து'ம் 'ஆச்சு'ம் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஆங்கிலத்தில் நடந்து முடிந்த நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும். நாளைச் சொல்லாமல், அனுப்பியாயிற்று என்ற நிலவரத்தை மட்டும் சொல்வதானால் 'ஹேவ்' இருக்கலாம். இதுதான் விஷயம். விளக்க ஐந்து நிமிடம் போதும். பத்துப் பன்னிரண்டு வருடப் படிப்பில் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் அவளுக்குத் தரவில்லை.

'அவர் தினமும் காலையில நடப்பார்' என்கிறோம். உருவம் எதிர்காலம், பொருள் வழக்கம். ஒப்பித்த பிள்ளை உருவத்தைப் பிடித்துக்கொண்டு ஹீ வில் வாக் டெய்லி என்கிறது. 'மூணு வருசமா இங்க வேலை பார்க்கறேன்' என்கிறோம். தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் அங்கேதான் ஹேவ் பீன் ஒர்க்கிங் தேவைப்படுகிறது. ஆனால் எத்தனை வருடமாக என்று யாராவது கேட்கும்போது அது வரவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நான்காவது வரிசை, முதல் கட்டம். 'நாளைக்கு வர்றேன்' என்ற இடத்திலோ இரண்டு மொழியும் தோழிகள்போல் கைகோத்து நிற்கின்றன. ஐயாம் கமிங் டுமாரோ என்று நம்மைப்போலவே அவர்களும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். தைரியமாகத் தமிழை நம்பிப் பேசு என்று சொல்லக்கூடிய அபூர்வமான இடம். அட்டவணையோ அங்கும் ஐ ஷல் கம் என்று குறுக்கே வந்து நிற்கிறது.

இன்னொன்று. ஐயாம் நோயிங், ஐயாம் ஹேவிங் டூ பிரதர்ஸ் என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள். தமிழ்நாட்டான் தமிழைப் பெயர்த்துப் பேசுகிறான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகொண்டிருக்கிறார்கள் என்பானா? எந்த வினையையும் எடு, எல்லாக் கட்டத்திலும் போட்டு நிரப்பு என்று பழக்கிய பயிற்சியிலிருந்தும் இந்தத் தவறு பிறக்கிறது என்பது என் கணிப்பு. பழியைத் தாய்மொழிமேல் போடுகிறோம்.

கற்கும் வரிசையும் தலைகீழாக இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல மாதம் பதிவு செய்து ரோஜர் பிரவுன் 1973இல் எழுதினார். ஐஎன்ஜி விகுதி வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. ஹீ கோஸ், ஷீ ஈட்ஸ் என்பதில் ஒட்டும் அந்தச் சின்ன எஸ் மிகவும் பிந்தி வருகிறது. அடுத்த ஆண்டே ஹெய்டி டூலேயும் மரினா பர்ட்டும், ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளும் சீனம் பேசும் குழந்தைகளும் ஆங்கிலம் கற்பதை ஒப்பிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த எஸ் அங்கும் பின்வரிசையில்தான். நம் வகுப்பில் அதுதான் முதல் பாடம்! முதல் நாளே ஹீ கோ என்றதற்குத் தலையில் குட்டு. ஆங்கிலக் குழந்தைக்கே தாமதமாக வருவதை நம் பிள்ளையிடம் முதல் வாரத்தில் கேட்கிறோம். வராவிட்டால் மக்கு என்கிறோம். கற்கிறவரின் பிழை கற்றல் நடப்பதற்கான தடயம் என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் நம் வகுப்பில் பிழை என்றால் சிவப்பு மைதான்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "எங்க தாத்தா ரென் அண்ட் மார்ட்டின் படிச்சுத்தான் அப்படி இங்கிலீஷ் எழுதினார்." 1935இல் வந்த அந்த இலக்கணப் புத்தகத்தின்மேல் எனக்குப் பகையில்லை. எடுத்துப் புரட்டிச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள நல்ல நூல். ஆனால் அந்தத் தாத்தா வேறு என்னவெல்லாம் செய்தார்? கல்லூரியில் சரித்திரத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்திலேயே கேட்டார். தேர்வில் பக்கம் பக்கமாகச் சொந்த வாக்கியத்தில் எழுதினார். இந்து நாளிதழை அகராதியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கடிதம் வரைந்தார். சாப்பிட்ட சோறு அத்தனையையும் மறந்துவிட்டு, தொட்டுக்கொண்ட ஊறுகாய்க்குப் பெருமை கொடுக்கிறோம். இன்றைய பிள்ளைக்கு ஊறுகாய் மட்டும்தான் பரிமாறப்படுகிறது.

இலக்கணமே வேண்டாம், படம் பார்த்தால் போதும் என்கிற கட்சியும் இப்போது கிளம்பியிருக்கிறது. அதையும் நான் ஏற்கவில்லை. ஹேவ் சென்ட் யெஸ்டர்டே என்று எட்டு வருடம் எழுதிப் பழகிய கை, யாரும் சுட்டிக்காட்டாமல் தானாகத் திருந்துவதை நான் பார்த்ததில்லை. இலக்கணம் வேண்டும். வாக்கியம் தேவைப்படுகிற வேளையில், தேவைப்படுகிற அளவில் வேண்டும்.

அன்று அந்தப் பெண்ணின் நோட்டை மூடச் சொன்னேன். "காலையில கம்பெனிக்குள்ள போனதுலேருந்து ராத்திரி கிளம்பற வரைக்கும் நேத்து என்னென்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு. தப்பா வந்தாப் பரவால்ல." முதல் நாள் நாலு வாக்கியம் வந்தது. ஐ கோ, ஐ சீ, மேனேஜர் டெல், கலர் நாட் மேட்ச். நான் திருத்தவில்லை. அவள் சொன்னதையே வென்ட், சா, டோல்ட் என்று போட்டுத் திருப்பிக் கேட்டேன். "ஓ, யூ வென்ட் டு தி டையிங் யூனிட்? வாட் டிட் தி மேனேஜர் டெல் யூ?" மறுநாள் அதற்கு முந்தின நாளின் கதை. அதற்கு மறுநாள் சாயப்பட்டறையில் நடந்த தகராறு. இப்படி ஆறு வாரம், தினம் கால் மணி நேரம், இறந்தகாலம் ஒன்று மட்டும். ஒரு நாள் கதையைக் கேட்கும் வேலையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் குறுக்கே புகுந்து வென்? ஒய்? ஹூ செட்? என்று கேட்கக் கேட்க, இவள் பதில் சொல்கிற அவசரத்தில் வினைச்சொற்கள் தாமாக வந்து விழுந்தன. ஆறு வாரம் கழித்துத்தான் 'ஹேவ்' என்ற சொல்லையே வகுப்புக்குள் விட்டேன், அதுவும் அவளுடைய சொந்த மின்னஞ்சல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எதில் நாள் சொல்லியிருக்கிறது, எதில் சொல்லவில்லை என்று அவளே பென்சிலால் வட்டமிட்டுப் பிரித்தாள்.

இதற்குப் பெரிய செலவில்லை, ஸ்மார்ட் போர்டு வேண்டாம். நாற்பது பிள்ளை இருக்கிற அரசுப் பள்ளியிலும் இரண்டிரண்டு பேராகத் திருப்பி உட்காரவைத்து, நேற்று வீட்டில் என்ன சமைத்தார்கள், பேருந்தில் யார் சண்டை போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லலாம். சத்தம் வரும். வரட்டும். மொழி வகுப்பில் சத்தம் வராமல் கணக்கு வகுப்பிலா வரும்?

வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முன்னும் பின்னும் இல்லாத ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்து, அடைப்புக்குறிக்குள் வினையைப் போட்டு, சரியான காலத்தில் எழுதுக என்று கேட்பதை நிறுத்துங்கள். எப்போது நடந்தது, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் எந்த மொழிக்காரனாலும் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிள்ளை அங்கே செய்வது வெறும் யூகம். நேற்றைய நாளைப் பற்றி எட்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிழையோடு எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

அந்தப் பெண் இப்போதும் பையிங் ஆபீஸோடு பேசுகிறாள். ஹீ சென்ட் என்பதில் தடுமாற்றமில்லை, ஹீ கோ என்பதில் இன்னும் எஸ் விட்டுப்போகிறது. போன மாதம் பார்த்தபோது, ஒரு ஷிப்மென்ட் தாமதமானதைப் பற்றி வாங்குபவரிடம் இருபது நிமிடம் வாதாடி, விமானத்தில் அனுப்பும் செலவில் பாதியை அவரையே ஏற்க வைத்ததாகச் சொன்னாள். அந்த நோட்டு எங்கே என்று கேட்டேன். தம்பி பத்தாம் வகுப்பாம், டென்ஸ் படிக்க வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்.