வாய்க்கால் கரைக்கும் ஒரு மானியம்

மைசூரு இரண்டு ஆறுகளுக்கு நடுவே மேட்டில் அமைந்த ஊர். வடக்கே பெய்யும் மழை காவிரிக்குப் போகிறது, தெற்கே பெய்வது கபினிக்கு. திருமக்கூடல் நரசிபுரத்தில் இரண்டும் கூடி, பிலிகுண்டுலுவைத் தாண்டி மேட்டூருக்கு வருகின்றன. பிலிகுண்டுலுவில் எத்தனை டி.எம்.சி. வரவேண்டும் என்பதில் கர்நாடகமும் தமிழ்நாடும் தலைமுறைகளாக மோதிக்கொண்டன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று தீர்த்து வைத்தது. வரும் நீர் எந்த நிலையில் வருகிறது என்பதற்காக நாம் அந்த அளவுக்குக் குரல் கொடுத்ததில்லை. அதே 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொகுத்த மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் நஞ்சன்கூடு அருகே கபினியும் இருந்தது, மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் இருந்தது. மிக மோசமான முதல் வரிசையில் வைக்கப்பட்டது நம் பக்கத்துக் காவிரிதான். ஆகவே மைசூருவைப் பற்றி எழுதும்போது மேல்மடைக்காரர்களுக்குப் புத்தி சொல்லும் தொனி எனக்கு வரக்கூடாது.

குக்கரஹள்ளி ஏரியைப் பாருங்கள். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல் உருவான ஏரி. இன்று பல்கலைக்கழக வளாகத்தில், காலை நடைக்கு ஊரே கூடும் இடம். கரை கட்டியிருக்கிறது, பாதை போட்டிருக்கிறது. ஆனால் ஏரிக்கு நீர் கொண்டுவந்த பூர்ணையா கால்வாயோ மனைகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் துண்டு துண்டாகப் போய்விட்டது. நாம் ஏரியைக் காப்பாற்றுகிறோம், அதன் வரத்துவாரியைக் கைவிட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் கண்மாய் தூர்வாரும் வேலையிலும் இதே கதைதான்.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குப் புங்கை, நீர்மருது, நாவல், அத்தி, மூங்கில், அடியில் வெட்டிவேரும் கோரையும் நின்றால் என்ன நடக்கும்? மேட்டிலிருந்து பாய்ந்து வரும் மழைநீர் அங்கே வேகம் குறைகிறது. வண்டல் அங்கேயே தங்குகிறது. வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கரைந்து வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேர்கள் ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. அவை ஏரிக்குள் போனால்தான் நீர் பச்சையாகப் பாசி பிடித்து, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. மைசூருவுக்கு அருகிலேயே ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. காவிரிக் கரை மரங்களையும் மூங்கிலையும் விட்டுவைத்தால் எத்தனை பறவை வந்து கூடு கட்டும் என்பதற்கு அங்கே சான்று உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் வைத்துக் கழிவுநீரை நேராக ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர் வாய்க்காலில் விட்டால் எந்த மரமும் அதைத் தூய்மையாக்காது. மரம் வைத்ததைக் காட்டிப் பாதாளச் சாக்கடை வேலையைத் தள்ளிப்போட யாருக்கும் இடம் தரக்கூடாது.

கரையில் மரம் வளர்க்கப் பணம் இல்லாமல் இல்லை. கர்நாடக வனத்துறையின் கிருஷி அரண்ய புரோத்சாஹ யோஜனை 2011-12 முதல் நடக்கிறது. நாற்றங்காலில் வாங்கிய கன்றை விவசாயி தன் நிலத்தில் நட்டு, அது பிழைத்து நின்றால் முதல் ஆண்டு முடிவில் 35, இரண்டாம் ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 50 என 125 ரூபாய் கிடைக்கும். நடுவதற்கு அல்ல, பிழைக்க வைப்பதற்குக் காசு. இதைவிட நேர்மையான மானிய விதி நம் நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் மேட்டில் வரப்போரம் நிற்கும் விலைபோகும் மரத்துக்கும் ஓடைக் கரையில் நிற்கும் நீர்மருதுக்கும் ஒரே ஊக்கத்தொகை என்றால், விவசாயி எதை நடுவார்? விற்கக்கூடியதைத்தான். கரையோரத்துக்குக் கூடுதல் தொகை வைக்க வேண்டும். அந்த நிலத்தில் அவர் விட்டுக்கொடுக்கும் விளைச்சலுக்கும் சேர்த்து ஈடு தர வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் 'பி கராப்' என்று எழுதப்பட்ட ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நட்டுக் காட்டினால்தான், எது அவர் நிலம், எது ஊர் நிலம் என்ற தகராறும் தீரும்.

2022 மார்ச்சில் ஒன்றிய அரசு காவிரி உட்பட 13 ஆறுகளைக் காடு வளர்ப்பின் மூலம் மீட்க 19,342 கோடி ரூபாய்க்கான திட்ட அறிக்கைகளை வெளியிட்டது. ஈஷாவின் காவிரி இயக்கம் 242 கோடி மரங்கள் என்று இலக்கு வைத்தது. பெரிய எண்கள் ஊக்கம் தரும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை மரம் என்பதற்கு முன் எந்த இடத்தில் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

நகரவாசிகளுக்கு வனத்துறையின் அந்த மானியத்தில் பங்கு எதுவும் இல்லை என்பதே பெரிய குறை. மைசூருவின் புதிய லேஅவுட்டுகளிலும் கல்வி நிறுவனங்களிலும் மெக்சிகன் கிராஸ் விரித்த புல்தரை கௌரவச் சின்னமாகிவிட்டது. 1,000 சதுர அடி புல்தரைக்குக் கோடையில் நாளுக்கு 5 மி.மீ. நீர் என்று வைத்தாலும் சுமார் 465 லிட்டர் ஆகிறது. நகரத்தில் ஓர் ஆளுக்கு வகுத்த அளவு 135 லிட்டர். மூன்று பேரின் பங்குக்கும் மேல் புல் குடிக்கிறது, அதுவும் காவிரியிலிருந்தும் கபினியிலிருந்தும் மின்சாரம் செலவழித்து ஏற்றிய நீரை. அந்த இடத்தில் முன்பு செண்பகம், கறிவேப்பிலை, எலுமிச்சை, நாலு தென்னை இருந்தன. அந்தக் காம்பவுண்டுகள் யாருக்கும் அழகில் குறைந்தவையாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் லாஸ் வேகஸ் நகருக்கு நீர் வழங்கும் ஆணையம் 1999 முதல் புல்தரையைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் தருகிறது. பென்சில்வேனியாவில் செசபீக் விரிகுடாவுக்குப் போகும் ஆறுகளுக்காக, புல்தரையைக் காட்டுப்பூ வெளியாகவோ மரத்தோப்பாகவோ மாற்ற அரசே உதவுகிறது. ஓடைக் கரை மரங்களுக்கும் அங்கே நிதி உண்டு. மைசூரு மாநகராட்சிக்குப் புதிய நிதிக்குக்கூட அலையத் தேவையில்லை. ஏப்ரலில் சொத்துவரி கட்டுபவர்களுக்கு ஏற்கெனவே 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. புல்தரையை உள்ளூர்ச் செடிகளாகவும் மழைநீர்க் குழியாகவும் மாற்றிய வீட்டுக்கு இன்னொரு சிறு தள்ளுபடி சேர்க்கலாம். சொந்த வசதி உள்ள பெரிய வளாகங்களுக்கு மானியம் வேண்டாம். தங்கள் எல்லைக்குள் ஓடும் வாய்க்காலின் இரு கரையையும் அவை தம் செலவிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் வேலை உண்டு. திருமணிமுத்தாறும் சரபங்காவும் எந்த நிலையில் காவிரியில் வந்து சேர்கின்றன என்பது சேலம், நாமக்கல் மக்களுக்குத் தெரியும். அந்தக் கரைகளிலும் கர்நாடக வனத்துறையின் அதே மூன்றாண்டுக் கணக்கில், கன்றுக்கு இவ்வளவு என்று பணம் தர நம் அரசு முன்வர வேண்டும். அப்போது நீரின் தரத்தைப் பற்றிக் கர்நாடகத்திடம் பேசும்போது நம் கையிலும் காட்டுவதற்கு ஒரு கரை இருக்கும். மைசூருவில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் தங்கள் வார்டு கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளிமையானது: நம் தெரு மழைநீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது, அதன் கரை இப்போது யார் கையில் இருக்கிறது?