சாரத்திலிருந்து விழுந்தவருக்கு முதலாளி யார்? திருகோணமலைக் கட்டடத் தொழிலாளரும் நட்டஈட்டு உரிமையும்

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மேசன் ஒருவருக்கு எங்கள் பகுதிகளில் வழக்கமாக நடப்பது இதுதான். கொந்தராத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு வருவார். மருந்துச் செலவையும் வான் கூலியையும் கொடுப்பார். மனைவியின் கையில் சில ஆயிரங்களை வைப்பார். சிலவேளை ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். 'நல்ல மனுசன், வந்து பார்த்திட்டுப் போறார்' என்று வீட்டாரும் அனுப்பிவைப்பார்கள். அதோடு கணக்கு முடிந்தது என்று இரு தரப்பும் நம்புகின்றன. சட்டப்படி அது முடிவதில்லை.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தது. பழையது என்றாலும் அதன் அடிப்படை தொழிலாளிக்குச் சாதகமானது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு செலுத்த வேண்டும். அவர் கவலையீனமாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நியமனக் கடிதமும் கட்டாயமில்லை. வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தவரும் தொழிலாளியே. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. தொழிலாளி இறந்துவிட்டால் பணத்தை ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். செத்த வீட்டில் கொடுத்த காசைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதலாளி யார்? பெரிய நிறுவனம் வேலையை எடுக்கும். அது துணைக் கொந்தராத்துக்காரரிடம் கொடுக்கும். அவர் ஒரு பாஸிடம் கொடுப்பார். பாஸ் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ நாலு பேரைக் கூட்டிவருவார். விபத்து நடந்த மறுநாள் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. தன் வழமையான தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் ஒப்படைத்த பிரதான நிறுவனத்திடமே தொழிலாளி நட்டஈடு கோரலாம். பாஸின் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வேலைத்தளப் பலகையில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தில் இந்த வழியும் அடைபட்டது. 2012 இல் வேகமெடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு, கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. பயனாளியே நின்று கட்டுவிக்கும் முறை. ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. முகாமிலிருந்து திரும்பிய விதவைத் தாயொருவர் மேசனைப் பிடித்துச் சுவர் எழுப்பினார் என்றால், அவரைச் சட்டம் முதலாளியாகக் கொள்வது கடினம். தன் வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல் ஒருவர் தற்காலிகமாக அமர்த்தும் ஆளைச் சட்டம் தொழிலாளி என்று ஏற்பதில்லை. முழு வீட்டையும் பாஸ் கொந்தராத்துக்கு எடுத்திருந்தால் அவர்தான் முதலாளி. அவரிடமோ கரண்டியும் மட்டக்கோலும் தவிர வேறு சொத்து இல்லை. நன்கொடை நாடும் அரசும் நடுவில் நின்ற நிறுவனங்களும் இந்தப் பொறுப்பில் எங்கும் வரவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு தொழிலாளியின் உயிருக்குச் சட்டம் வைத்திருந்த அதியுயர் நட்டஈடும் அதே 550,000 ரூபாதான். தற்செயல் என்றாலும் உறுத்துகிற தற்செயல்.

2005 இல் வைத்த அந்த உச்சவரம்பை 2022 இன் திருத்தச் சட்டம் 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. தம்பலகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் நகருக்கு வேலைக்கு வருபவருக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அதே ஆண்டின் முதல் அரையாண்டுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியது. சட்டம் ஏற்றியதில் பெரும்பங்கை நெருக்கடி கரைத்துவிட்டது. தொகை சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் நாட்கூலிக்கு ஆதாரம் இல்லாதவர் இன்னும் கீழே போவார்.

ஆணையாளரின் அலுவலகம் இருப்பது கொழும்பு நாரஹேன்பிட்டியில். ஊன்றுகோலுடன் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போய்வருவதை நினைத்தே பலர் கைவிட்டு விடுகிறார்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை போக வேண்டும். கடிதத்தைத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. முதல் நாளிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது 'விழுந்தேன்' என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலைத்தளத்தில், யாருடைய வேலையில் என்பதையும் பதிவேட்டில் எழுதவைப்பது. நோய் நிர்ணய அட்டை, பொலிஸ் பதிவு, கூலிக் கணக்கு எழுதிய கொப்பி, பாஸ் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாமே சாட்சிதான். கட்டளை பிறந்தும் முதலாளி செலுத்தாவிட்டால் நீதவான் நீதிமன்றம் ஊடாகத் தண்டப்பணம் போல அறவிடலாம்.

ஏற்கெனவே ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடை. 'அது பழைய காயம்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். பழைய மருத்துவ அட்டைகளை எடுத்துவைத்திருந்தால்தான் எது போரில் வந்தது, எது வேலையில் வந்தது என்று பிரித்துக்காட்ட முடியும். 2018 இன் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் கொடுப்பனவு வேறு, இது வேறு.

தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இயங்குகிறது. கட்டடச் செலவின் மீதான தீர்வையிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. முதலாளி யாரென்று தெரியாவிட்டாலும் பதிவுபெற்ற தொழிலாளிக்கு உதவி கிடைக்க வழி உண்டு. அங்கும் குறைகள் நிறைய. ஆனாலும் இங்கே நாம் கேட்க வேண்டியது அதைப் போன்ற ஒரு நிதியைத்தான்.

கேட்பதற்கு இதுவே நேரம். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐக் கூட்டு நிறுவனமொன்று அபிவிருத்தி செய்வதற்கான உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. 2006 இல் மக்கள் துரத்தப்பட்ட சம்பூரில் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. காணியை இழந்த ஊர்க்காரர்களே அங்கு கூலிக்குப் போவார்கள். பிரதான கொந்தராத்துக்காரர் யார், துணைக் கொந்தராத்துத் தொழிலாளர் அனைவருக்கும் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கிறதா, அதன் பிரதி பிரதேச செயலகத்தில் இருக்கிறதா என்று மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நமது பிரதிநிதிகள் இப்போதே கேட்கலாம்.